விளக்கு அணைந்த வீட்டைத் தேடிப் போன மூப்பர்

மேடையில் வீற்றிருக்கும் போதகர் அவர்களே, ஊர்மன்றத்துப் பெரியோர்களே, மகளிர் சங்கத்துத் தாய்மாரே, பாடகர் குழுவினரே, வாலிபர்களே, பாயில் இடமில்லாமல் வாசலில் நிற்கும் ஃபங்காதோலு ஊர் மக்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் மசினா. சென்ற வாரம் நாம் அடக்கம் செய்த நம் சபையின் மூத்த மூப்பர் ஃபலானிகோ அவர்களைப் பற்றி வாலிபர் சார்பாகப் பேச என்னை அனுப்பியிருக்கிறார்கள். பேசுவதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். எழுத உட்கார்ந்தபோது எனக்குள் ஒரு தீர்மானம் செய்துகொண்டேன். நடந்ததை நடந்தபடியே சொல்வேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், மூப்பருக்குப் பெருமை தராதது என்று எதையும் ஒளிக்கமாட்டேன்.

இது அவருக்கே பிடித்த முறைதான். ஒருமுறை ஓர் அடக்க ஆராதனையில், இறந்துபோன மனிதரைப் பொறுமையின் சிகரம் என்று ஒருவர் புகழ்ந்தார். முன்வரிசையில் இருந்த மூப்பர் ஃபலானிகோ பக்கத்து ஆளிடம் கேட்டது பின்வரிசைவரை காதில் விழுந்தது: "அவ்வளவு பொறுமைசாலின்னா என் கோழிய ஏம்ப்பா கல்லால அடிச்சான்?"

சிரியுங்கள். அவர் சிரிக்க வைத்த மனிதர்தான்.

இந்த மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருப்பதை எல்லோரும் பார்க்கிறீர்கள். அது மூப்பரின் மனைவி மத்தாலேனா அம்மாவுக்காகப் போட்டது. அவர் வரவில்லை. அதைப் பற்றி முடிவில் பேசுகிறேன்.

பெரியோர்களே! மூப்பர் ஃபலானிகோ என்ன செய்தார்? கோவில் கூரைக்குத் தகரம் போட்டார். புயலுக்குப் பிறகு இந்த மண்டபத்தை எழுப்பினார். அதையெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் சொல்லப்போவது ஒரு வீட்டைப் பற்றி. மாலை ஜெப வேளையில் விளக்கு எரியாத ஒரு வீட்டைப் பற்றி.

நம் ஊரில் சூரியன் இறங்கும் நேரத்தில், கோவில் மாமரத்தில் தொங்கும் காலி கேஸ் சிலிண்டரை மூப்பர் இரும்புக் கம்பியால் அடிப்பார். முதல் அடிக்கு எல்லோரும் வீட்டுக்குள் போகவேண்டும். இரண்டாவது அடிக்கு ஜெபம் தொடங்கவேண்டும். மூன்றாவது அடிவரை தெருவில் ஒரு தலை தெரியக்கூடாது. தெரிந்தால் வாலிபர் காவல் பிடிக்கும், பன்றி அபராதம். நம் வீடுகளுக்குச் சுவர் கிடையாது. தூண்களுக்கு நடுவே விளக்கு எரியும், குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பாடுவது ஊருக்கே தெரியும்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் என் பெரியப்பா மகன் சியாக்கி அண்ணன் ஆக்லாந்திலிருந்து வந்தான். வந்தான் என்பது சரியில்லை, அனுப்பப்பட்டான். கைக்குழந்தையாக இங்கிருந்து போனவன். அங்கே சிறையில் இருந்தான். வெளியே விட்ட கையோடு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். எங்கள் வீட்டை ஒட்டியிருக்கும் பெரியப்பாவின் பழைய வீடு ஒன்றுதான் இந்த உலகத்தில் அவனுக்கென்று இருந்த இடம். கழுத்துவரை பச்சை குத்தியிருந்தான். நம் பாஷையில் சாப்பிட, குடிக்க, தூங்க என்று சில சொற்களுக்குமேல் தெரியாது.

அவன் வந்த அன்று மாலை, சிலிண்டர் இரண்டாம் முறை ஒலித்தது. ஊர் முழுவதும் பாட்டு எழுந்தது. சியாக்கி அண்ணன் வீட்டு விளக்கு அணைந்தது.

மறுநாளும் அணைந்தது. அதற்கடுத்த நாளும் அணைந்தது. மூன்றாம் அடி விழுந்த பிறகு திரும்ப எரிந்தது. பல்பு கெட்டுப்போயிருக்கும் என்று முதலில் சொன்னவர்கள்கூடப் பிறகு சொல்லவில்லை.

அது ஊழிய மாதம். பின்சுவரில் மாட்டியிருக்கும் அந்த உலகப்படத்தைப் பாருங்கள். குண்டூசி குத்திய ஒவ்வோர் இடத்துக்காகவும் நாம் ஜெபித்தோம். பப்புவா மலைக்கிராமங்களுக்காக ஜெபித்தோம். பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஆற்றங்கரைகளுக்காகக்கூட ஜெபித்தோம். விசுவாசம் அறியாதவர்கள், உதவி இல்லாதவர்கள், தேடுவாரற்றவர்கள் என்று கண்ணீரோடு வேண்டினோம். வேண்டி முடித்ததும் மூப்பர் ஃபலானிகோ எழுந்தார். அன்று அவர் சொன்னதை இங்கே சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகும்.

"கடல் தாண்டி இருக்கறவங்களுக்காக அழறோம். நம்ம ஊருக்குள்ளயே ஒரு வீடு கர்த்தர் முகத்துக்கு நேரா விளக்க அணைக்குது. இத எவ்வளவு நாள் பாத்துக்கிட்டு இருக்கறது?"

ஆமென் என்றோம். எல்லோரும்தான் சொன்னோம்.

மன்றம் கூடியது. அடுத்த திங்கட்கிழமை முடிவெடுப்பது என்று பேசினார்கள். என்ன முடிவு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஊரைவிட்டுப் போகவேண்டும். குடும்பத் தலைவர் என்ற முறையில் அதை அவனிடம் சொல்லவேண்டியவர் என் அப்பா. அந்த வாரம் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாட்டிலிருந்து துரத்தப்பட்டவனை இன்னோர் ஊரிலிருந்தும் துரத்தினால் அவன் எங்கே போவான்? இந்தத் தீவில் அவனுக்கு வேறு யாரைத் தெரியும்?

இனி நடந்ததை மத்தாலேனா அம்மா என்னிடம் சொன்னார். சனிக்கிழமை மாலை மூப்பர் இரண்டாம் அடி அடித்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். எதிர்ச்சரிவில் சியாக்கி அண்ணன் வீடு இருண்டது. மூப்பர் சுட்டிக்காட்டினார்.

"பாத்தியா? இன்னிக்கும்."

"பாத்தேன். ஏன் அணைக்குறான்?"

"திமிரு. வேறென்ன?"

"அவன் சொன்னானா?"

"அவன் எதுக்குச் சொல்லணும்? அதான் தெரியுதே."

"விளக்கு அணைஞ்சது தெரியுது. ஏன் அணைஞ்சுதுன்னு உங்களுக்குத் தெரியாது. தெரியாமத்தான் கோவில்ல எந்திரிச்சுப் பேசிட்டு வந்திருக்கீங்க. போய்ப் பாக்குறதுக்கென்ன, கால் மரத்துப்போச்சா?"

"ஜெப நேரத்துல வெளிய போகக்கூடாதுடி. மணியடிச்சவனே நான்தான்."

"அப்ப பாட்டுப் புஸ்தகத்த இங்க குடுங்க. நானாவது மனசோட பாடுறேன்."

மூப்பர் எழுந்தார். ஐம்பது வருடமாக மணியடிக்கப் போவதைத் தவிர வேறெதற்கும் அந்த வேளையில் தெருவில் கால் வைக்காத மனிதர் தெருவில் இறங்கினார். இறங்கியவுடனே மாட்டிக்கொண்டார். வாலிபர் காவல் தலைவர் பெத்தேலோ அண்ணன் தடியைக் குறுக்கே நீட்டினார். அப்புறம் யார் என்று தெரிந்தது. தடியை எடுப்பதா வைப்பதா என்று தெரியவில்லை. இதை எனக்குச் சொன்னது பெத்தேலோ அண்ணனே. அதோ, சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்கிறார், மறுக்கமாட்டார்.

"ஐயா, மணியடிச்சது நீங்கதான?"

"ஆமா."

"அப்ப இப்ப நடக்குறது யாரு?"

"அதுவும் நான்தான்."

"பன்றி ஒண்ணு ஆகுங்கய்யா."

"நாளன்னைக்கு வந்து பிடிச்சுக்கோ. கொழுத்தது எதுன்னு உனக்கே தெரியும். இப்ப வழிய விடு."

எங்கள் வேலியோரம் வந்து மூப்பர் என்னைக் கூப்பிட்டார். "மசினா, வா இங்க. உன் அண்ணன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அவன் பாஷை எனக்கு வராது, என் பாஷை அவனுக்கு வராது." அப்பா பாட்டை நிறுத்தாமலே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். போனேன்.

மூப்பர் கைவிளக்கை அடித்தார். வெளிச்சம் பட்ட அந்த நொடியில் சியாக்கி அண்ணன் இரண்டு கைகளையும் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டான்.

யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கை தானாகப் போனது. பாயில் சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தான், நம் எல்லோரையும் போல. சட்டை போட்டுப் பொத்தான் எல்லாம் பூட்டியிருந்தான், கோவிலுக்கு வருவதுபோல. மூப்பர் கைவிளக்கை அணைத்துவிட்டு இருட்டில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"கேளும்மா. விளக்க ஏன் அணைக்குறான்?"

கேட்டேன். அண்ணன் கையை இறக்காமலே பதில் சொன்னான். ஆங்கிலத்தில் சொன்னதை நான் மாற்றிச் சொன்னேன். "எல்லா வீட்லயும் பாடுறாங்க. எனக்கு ஒரு வரிகூடத் தெரியாது. வெளிச்சம் இருந்தா வாய மூடிக்கிட்டு இருக்குறது எல்லாருக்கும் தெரியும். சும்மா வாய அசைச்சா அது சாமிகிட்டயே பொய் சொல்ற மாதிரி. அதான் அணைச்சிட்டு உக்காந்துக்கறேன்."

மூப்பர், "இருட்டுல உக்காந்து என்ன பண்றான், கேளு" என்றார்.

"சின்ன வயசுல எங்கம்மா ராத்திரி வேலைக்குப் போவாங்க, ஆபீஸ் கூட்டுற வேலை. போறப்ப என்கிட்ட, கதவத் திறக்காத, கர்த்தர் உள்ளதான் இருக்காரு, பயப்படாதன்னு சொல்லிட்டுப் போவாங்க. அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்குவேன். எனக்குத் தெரிஞ்ச ஜெபம் அது ஒண்ணுதான். அது ஜெபம்தானான்னு அவர்கிட்ட கேளு."

கேட்டேன். மூப்பர் அழுதாரா என்று என்னைக் கேட்காதீர்கள். இருட்டாக இருந்தது, நான் பார்க்கவில்லை, பார்க்காததைச் சொல்லமாட்டேன். அங்கேயே உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும் தெரியும். மூன்றாம் மணி அடிக்கவேண்டியவர் அவர் என்பதை அவரும் மறந்தார், நானும் மறந்தேன்.

தாய்மாரே, ஒரு சனிக்கிழமை மாலை ஜெபம் முடியாமல் நீண்டுகொண்டே போனது நினைவிருக்கிறதா? பாட்டுப் புத்தகத்தில் பாட்டு தீர்ந்து மறுபடி முதலிலிருந்து பாடினீர்களே? அடுப்பில் சேப்பங்கிழங்கு அடிப்பிடித்ததே? காரணம் இதுதான். ஒரு மனிதனைக் கண்டுகொள்ள நம் மூப்பருக்கு அவ்வளவு நேரம் ஆனது.

திங்கட்கிழமை விடிந்தது. மன்றம் கூடவேண்டிய நாள். நான் அண்ணனுக்குக் கோகோ கொண்டுபோனேன். அவன் தூணைப் பிடித்துக்கொண்டு முற்றத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். முற்றத்தில் ஒரு பாய். சாதாரணப் பாயில்லை. மத்தாலேனா அம்மாவின் தாய் பின்னியது, துணிபோல் மெல்லியது, ஓரத்தில் சிவப்பு இறகு வைத்தது. தன் சவப்பெட்டிமேல் போர்த்த என்று அம்மா எடுத்து வைத்திருந்த பாய். அதன் கீழே மண்ணில் ஓர் உருவம் குனிந்து உட்கார்ந்திருந்தது. தெருவின் இரண்டு பக்கமும் ஊரே நின்றது.

"மசி, பாய் போட்டு மூடியிருக்கே, யாரு செத்தது?"

"யாரும் சாகல. மூப்பர்."

"மூப்பரா செத்துட்டாரு?"

"அய்யோ அண்ணே, உயிரோடதான் இருக்காரு! உன்கிட்ட மன்னிப்புக் கேக்குறாரு."

"பாய்க்குள்ள இருந்தா?"

"இங்க அப்படித்தான் கேப்பாங்க. பெரிய தப்புக்கு. நீ போய்ப் பாயை எடுத்தா மன்னிச்சிட்டன்னு அர்த்தம். எடுக்கலன்னா இல்லன்னு அர்த்தம்."

"எடுக்கலன்னா எவ்வளவு நேரம் இருப்பாரு?"

"வெயில் சாயற வரைக்கும். அந்தக் காலத்துல மன்னிக்காதவங்க வந்து வெட்டியும் இருக்காங்க."

"என்ன ஊரு இது!" என்றான் அண்ணன். பிறகு மெதுவாகச் சொன்னான், "ஜெயிலுக்குப் போனவன் நானு. அவரு என்ன தப்புப் பண்ணாரு?"

"நீ கர்த்தர் முகத்துக்கு நேரா விளக்க அணைக்குறன்னு கோவில்ல எந்திரிச்சுச் சொன்னாரு."

"அது எனக்கே தெரியாதே. புரிஞ்சாத்தான!"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என்ன செய்யவேண்டும் என்று இதற்குமேல் நான் சொல்லக்கூடாது. பாயை எடுப்பதும் விடுவதும் தீங்கு பட்டவன் முடிவு. அண்ணன் படியிறங்கினான். பாயின் பக்கத்தில் போய் நின்றான். மண்டியிட்டான். ஓரத்தைத் தூக்கினான். ஊரே மூச்சுவிட்டது.

ஆனால் அவன் பாயை எடுக்கவில்லை. குனிந்து அதற்குள்ளே புகுந்துவிட்டான்!

பெரியோர்களே, நம் ஊரில் எத்தனையோ பேர் பாய் மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். எத்தனையோ பாய்கள் தூக்கப்பட்டிருக்கின்றன, சில தூக்கப்படாமலும் போயிருக்கின்றன. ஒரே பாய்க்குள் இரண்டு பேர் உட்கார்ந்ததை இங்கே யாராவது பார்த்திருக்கிறீர்களா? மன்றத்தார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "இப்ப இது மன்னிச்ச கணக்கா, மன்னிக்காத கணக்கா?" என்று அப்பா கேட்டார். "பாய் எந்திரிக்கல, ஆனா உள்ள ஆள் கூடிருச்சு" என்றார் பெத்தேலோ அண்ணன். பாய்க்குள்ளிருந்து மூப்பரின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

பாஷை தெரியாத இரண்டு பேர் உள்ளே என்ன பேசினார்கள்? பின்னால் நான் மூப்பரிடம் கேட்டேன். "வந்து உக்காந்தான். 'ஹாட்'னு சொன்னான். அந்த ஒரு வார்த்தை எனக்கும் தெரியும். ஆமா, ஹாட்டுன்னேன். சிரிப்பு வந்துருச்சு" என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்தே எழுந்தார்கள், பாய் இரண்டு பேர் தோளிலும் கிடந்தது. மன்றம் அன்று கூடவில்லை. யார் யாரை மன்னித்தார்கள் என்று தெரியாத வழக்கை எப்படி விசாரிப்பது? சியாக்கி அண்ணன் தங்கினான். பெத்தேலோ அண்ணன் மட்டும் தன் கடமையை விடவில்லை, பன்றியைப் பிடித்துக்கொண்டு போனார். அதைச் சுட்டு ஊரே தின்றது. பாய், முறைப்படி, அண்ணனுக்குச் சொந்தமானது.

நண்பர்களே! அன்றிலிருந்து மூப்பர் ஃபலானிகோ ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே தன் வீட்டு விளக்கை ஒரு முறை அணைத்துவிட்டு வெளியே வந்து நிற்பார். தன் விளக்கு எரிந்தால் அடுத்தவர் வீட்டு இருட்டு கண்ணில் படாதாம். எந்த வீடு இருட்டாக இருக்கிறதோ அங்கே போவார். மன்றமும் அதற்கு அனுமதி தந்தது, பன்றிகள் பிழைத்தன.

அவர் போன இடமெல்லாம் அற்புதம் நடந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு வீட்டில் மின்சாரத்துக்குக் கட்டப் பணமில்லை. மூப்பர் ஜெபிக்கவில்லை, தன் வீட்டு எண்ணெய் விளக்கைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு வீட்டில் ஒருவருக்கு ஆறுதல் சொல்லி நீண்ட வேதபாடம் நடத்தினார். கடைசியில் பார்த்தால் அந்த ஆளுக்குப் பல்வலி. ஒரு வீட்டில் கணவன் மனைவி சண்டை, முகம் பார்க்க விருப்பமில்லாமல் விளக்கை அணைத்திருந்தார்கள். "ஐயா, கர்த்தர் இருக்கட்டும், நீங்க கிளம்புங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கிளம்பினார். ஆனால் மறுநாள் மறுபடி போனார். அதற்குப் பிறகு முதலில் என்ன வேண்டும் என்று கேட்டார். விசுவாசம் வேண்டுவோர் உண்டு, மண்ணெண்ணெய் வேண்டுவோர் உண்டு, இரண்டும் வேண்டுவோர் உண்டு. கேட்காமல் தெரியாது என்பார்.

சியாக்கி அண்ணனும் புனிதனாகிவிடவில்லை. போன கிறிஸ்துமஸுக்குக் குடித்துவிட்டு எங்கள் சமையல் கொட்டகையைச் சாய்த்தான். ஜெபப் பாட்டின் இரண்டாவது வரியை இன்னும் மாற்றித்தான் பாடுகிறான். ஆனால் அவன் வீட்டு விளக்கு எரிகிறது. மூப்பரின் கை தளர்ந்த நாளிலிருந்து சிலிண்டரை அடிப்பதும் அவன்தான். சென்ற வாரம் மூப்பரின் பெட்டிமேல் அந்தப் பாயைக் கொண்டுவந்து போர்த்தியதும் அவன்தான். அடக்கம் முடிந்ததும் அதை மடித்து மத்தாலேனா அம்மாவிடம் கொடுக்கப் போனான். அம்மா வாங்கவில்லை, "உன்கிட்டயே இருக்கட்டும்பா" என்றார்.

இப்போது இந்தக் காலி நாற்காலிக்கு வருகிறேன்.

இன்று மாலை நான் மண்டபத்துக்குள் வரும்போது வாசலில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. யார் என்று சொல்லப்போவதில்லை. "புருஷனுக்கு ஊரே கூடிக் கூட்டம் போடுது, வந்து தலையக் காட்டக்கூடாதா? என்ன பெரிய இது?" இன்னொருவர் சொன்னார்: "அடக்கம் பண்ணுன நாள்லருந்து ஜெப நேரத்துல விளக்கு கூடப் போடுறதில்லையாம்."

பெரியோர்களே, இந்தப் பேச்சை நாம் முன்பே ஒரு முறை கேட்கவில்லையா? அன்று ஆமென் சொன்னோமே, அதே பேச்சில்லையா இது? அன்று "ஏன் அணைஞ்சுதுன்னு உங்களுக்குத் தெரியாது" என்று சொன்னது யார்? மூப்பரைத் தெருவில் இறக்கியது யார்? அந்த ஒரு பெண்மணி இன்று இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஏன் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அவரைக் கேட்கும்வரை யாருக்கும் தெரியாது.

மூப்பர் ஃபலானிகோவுக்குப் படம் வைப்போம், கல் வைப்போம் என்று தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். வையுங்கள். வாலிபர்களாகிய நாங்கள் எடுக்கும் தீர்மானம் வேறு. முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே இனி எங்களில் ஒருவர் வெளியே வந்து நிற்போம். இருட்டான வீட்டுக்குப் போவோம். போய்ப் பேசமாட்டோம், கேட்போம். திட்டினால் மறுநாள் மறுபடி போவோம். அந்த உலகப்படத்தில் நம் ஊருக்கும் ஒரு குண்டூசி குத்துவோம். இதை அவர் பெயரால், உங்கள் முன்னால், உறுதியாகச் சொல்கிறோம்.

இன்றைக்கே தொடங்குகிறோம். சியாக்கி அண்ணன் மாமரத்தடிக்குப் போய்விட்டான். இன்னும் சற்று நேரத்தில் முதல் மணி விழும். இன்று யாரும் நேராக வீட்டுக்குப் போகவேண்டாம். இந்த மண்டபம் மிகவும் வெளிச்சமாக இருக்கிறது, இங்கிருந்து பார்த்தால் வெளியே எதுவுமே தெரியவில்லை. பெத்தேலோ அண்ணே, இன்று மட்டும் பன்றி கேட்காதீர்கள். தயவுசெய்து விளக்கை அணையுங்கள்.

எழுதி வந்தது இவ்வளவுதான். நன்றி சொல்லிவிட்டுத் தாளை மடித்தேன். சிலிண்டர் ஒலித்தது. சரிவெங்கும் வீடுகளில் நாங்கள் போட்டுவிட்டு வந்த விளக்கு எரிவது ஒவ்வொன்றாகத் தெரிந்தது, மூப்பர் வீட்டைத் தவிர. சியாக்கி அண்ணன் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் நடக்க, போதகர் எழுந்தார், மன்றத்தார் எழுந்தார்கள், எல்லோரும் எழுந்தோம். அதற்கு முன்பே மண்டபத்து விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன.